மெல்பர்னில் ஒரு நாள்: ஆஸ்திரேலிய விலங்குகளைப் பார்க்க எங்கே போகலாம்?

நெடுவழி:
வணக்கம். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் தேனியிலிருந்து வருகிறார்கள். இந்த ஊர் விலங்குகளைக் காட்ட ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வேண்டாம். கங்காரு, கோவாலா, வளை தோண்டி வாழும் வாம்பட், வாத்து போல அலகுள்ள பிளாட்டிபஸ் என்று இந்த மண்ணுக்கே உரியவை போதும். அப்பா வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். செடி, பூச்சி, பறவை எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. மகளுக்கு ஆறு வயது. கோவாலாவைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நாங்கள் இருப்பது டாண்டினாங் பக்கம். ஹீல்ஸ்வில், பியர்ஸ்டேலில் இருக்கும் மூன்லிட், பல்லாரட் என்று மூன்று விலங்குப் பூங்காக்களைச் சொல்கிறார்கள். எது சரிவரும்?

காந்தள்:
ஹீல்ஸ்வில் போங்கள். மெல்பர்ன் நகர மையத்திலிருந்து 65 கிலோமீட்டர் அளவு. லில்லிடேல், கோல்ட்ஸ்ட்ரீம் தாண்டி, யாரா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பவை எல்லாம் ஆஸ்திரேலிய விலங்குகள்தான். பாதைகள் பெரும்பாலும் சமதளம், உயரமான யூகலிப்டஸ் மரங்களின் நிழல். அம்மாவுக்கு உட்கார நிறைய இடம் உண்டு.

காலை 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். இங்குள்ள விலங்குகளில் பல இரவில் நடமாடுபவை. வெயில் ஏறிவிட்டால் டிங்கோ என்ற காட்டு நாய் படுத்துவிடும், வாம்பட் வளைக்குள் போய்விடும். செப்டம்பர் காலைக் குளிரில் அவை சுறுசுறுப்பாக இருக்கும். கங்காருக் குட்டிகள் பையிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பதையும் அந்த மாதத்தில் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். நான் போனால் பிளாட்டிபஸ் இருக்கும் இருட்டுக் கூடத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்துவிடுவேன். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். பலர் உள்ளே வந்து, "ஒன்றும் தெரியவில்லையே" என்று உடனே வெளியே போய்விடுகிறார்கள். பழகிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீருக்குள் அது வருவது தெரியும். நீருக்குள் கண், காது இரண்டையும் மூடிக்கொள்ளும். அலகை மட்டும் இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். இரையின் தசை அசையும்போது உண்டாகும் மிக மெல்லிய மின்சாரத்தை அந்த அலகு உணர்கிறது. பிடித்த புழுவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மேலே வந்து, மிதந்தபடியே அரைக்கும். வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல் கிடையாது, வாய்க்குள் இருக்கும் தட்டைப் பட்டைகளால்தான் அரைக்கிறது. உங்கள் மகளை முன் வரிசையில் நிற்க வையுங்கள்.

கோவாலாவைத் தூக்குவது விக்டோரியாவில் நடக்காது. இங்கே சட்டப்படி அதற்கு அனுமதி இல்லை. நியூ சவுத் வேல்ஸிலும் இல்லை.

தெற்குக்காற்று:
குழந்தை ஆசைப்படுகிறது, அப்பா அம்மாவும் வாழ்நாளில் ஒரு முறை வருகிறார்கள். பிரிஸ்பேனுக்கோ கோல்ட் கோஸ்டுக்கோ விமானத்தில் வந்துவிடுங்கள். குயின்ஸ்லாந்தில் தூக்கிப் படம் எடுக்கலாம். அதற்கு இங்கே கட்டுப்பாடும் இருக்கிறது. ஒரு கோவாலாவை ஒரு நாளில் 30 நிமிடங்களுக்கு மேல் இப்படிப் பயன்படுத்தக் கூடாது, மூன்று நாள் தொடர்ந்து வேலை வாங்கினால் அடுத்த நாள் ஓய்வு தர வேண்டும். அது துன்புறுத்தல் என்று நான் நினைக்கவில்லை. என் மகன் ஒரு கோவாலாவைத் தூக்கிய நாளிலிருந்துதான் விலங்குகளைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தான். தொட்டுப் பார்த்த அன்பு மனதில் நிற்கும்.

சிட்டு:
காயம்பட்ட காட்டு விலங்குகளை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தன்னார்வலர் நான். தெற்குக்காற்று அண்ணா சொல்லும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் கோவாலாவின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அது தின்னும் யூகலிப்டஸ் இலையில் சத்து மிகக் குறைவு, நச்சுத்தன்மையும் உண்டு. அதைச் செரிக்கவே உடம்பின் சக்தியில் பெரும்பங்கு செலவாகிறது. அதனால்தான் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட அசையாமல் கிடக்கிறது. அந்த ஓய்வில்தான் அதன் உயிரே ஓடுகிறது. பயந்தாலும் அது குதிப்பதில்லை, கத்துவதும் அரிது. விறைத்துக்கொண்டு அப்படியே இருக்கும். அதை அமைதி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வரிசையில் நின்று ஒவ்வொருவர் கையாக மாறும் கோவாலாவை ஓர் இடத்தில் பார்த்திருக்கிறேன். காதுகள் பின்னால் மடங்கி, நகங்கள் சட்டையில் இறுகிக் கிடந்தன. எல்லாரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள்.

பிரிஸ்பேனில் 1927 முதல் நடந்துவரும் லோன் பைன் சரணாலயமே, தூக்கிப் படம் எடுக்கும் வழக்கத்தை 2024இல் நிறுத்திவிட்டது. சட்டம் அனுமதித்தும் அவர்களாகவே நிறுத்தினார்கள். குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா பகுதிகளில் கோவாலாவை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்ததை அண்ணாவும் அறிந்திருப்பார்.

நெடுவழி, மகளிடம் இதை அப்படியே சொல்லிப் பாருங்கள். "அதற்குத் தூக்கம் ரொம்ப முக்கியம்மா" என்றால் ஆறு வயதுக் குழந்தைக்குக் கட்டாயம் புரியும்.

மலைமுகடு:
எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. கூண்டுக்குள் எதற்குப் பார்க்க வேண்டும்? விக்டோரியாவில் காட்டிலேயே பார்க்கலாமே. கிரேட் ஓஷன் சாலையில் கென்னட் ரிவர் அருகே மரத்தில் கோவாலா உட்கார்ந்திருக்கும். ரேமண்ட் தீவில் வீட்டு வாசல் மரத்திலேயே இருக்கும். வில்சன்ஸ் பிராமண்டரியில் டைடல் ரிவர் முகாமுக்குப் போனால் மாலையில் வாம்பட் கூடாரத்துக்குப் பக்கத்தில் புல் மேயும். ஃபாரஸ்ட் ஊருக்கு அருகே எலிசபெத் ஏரியில் விடியற்காலையில் படகில் போய் பிளாட்டிபஸ் பார்க்கிறார்கள். அது நம்மைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் இருக்கும்போது பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. வேலிக்குள் இருப்பதை எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு மனம் நிறைவதில்லை.

காந்தள்:
மலைமுகடு சொல்லும் இடங்கள் எல்லாம் அருமையானவை, ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் மூட்டுவலி இருக்கும் அம்மாவோடும் சின்னக் குழந்தையோடும் விடிவதற்கு முன் ஏரிக்கரையில் நிற்க முடியுமா? ஒரே நாளில் டைடல் ரிவர் போய்த் திரும்ப முடியுமா?

இன்னொன்று. காட்டில் இனி பார்க்கவே முடியாது என்ற நிலைக்குப் போனவை சில உண்டு. வரிமுதுகு பாண்டிகூட் என்று முயலை விடச் சின்னதாக ஒரு விலங்கு. மேற்கு விக்டோரியாவின் புல்வெளி முழுக்க இருந்தது. புல்வெளி பண்ணையாயிற்று, நரியும் பூனையும் வந்தன. கடைசியாக எஞ்சியவை ஹாமில்டன் ஊர்க் குப்பைமேட்டில், கைவிடப்பட்ட கார்களுக்குள் ஒளிந்து வாழ்ந்தன. அங்கிருந்து பிடித்து வந்து இனப்பெருக்கம் செய்ததால்தான் ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் அது இன்று இருக்கிறது. இடையில் "ஆஸ்திரேலிய நிலப்பரப்பின் காடுகளில் இல்லை" என்ற பட்டியலுக்கே போய்விட்டது. வேலியிட்ட காப்பிடங்களிலும் நரி இல்லாத தீவுகளிலும் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். 2021இல்தான் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் அப்படி மீண்டு வந்த முதல் இனம் அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலான வேலை. கூண்டு இல்லை என்றால் இங்கே அந்தப் பாண்டிகூட்டும் இல்லை.

மலைமுகடு:
பாண்டிகூட் கதை முன்பே தெரியும், அதை மதிக்கிறேன். என் வருத்தம் வேறு. இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பது ஒன்று, வேடிக்கைக்கு வைத்திருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சீட்டில் விற்கிறார்கள்.

சிட்டு:
அந்தச் சீட்டுக் காசில்தான் கண்ணுக்குத் தெரியாத வேலை நடக்கிறது, மலைமுகடு. ஹெல்மெட்டட் ஹனிஈட்டர் என்று மஞ்சள் கொண்டையோடு ஒரு குருவி, விக்டோரியாவின் மாநிலப் பறவையே அதுதான். 1990 வாக்கில் ஐம்பது சொச்சம்தான் மிச்சம் இருந்தன. ஹீல்ஸ்வில்லில் குஞ்சு பொரிக்க வைத்து, யெலிங்போ சதுப்புநிலக் காட்டில் விட்டுத்தான் இனத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். ஆரஞ்சு வயிற்றுக் கிளியும் அப்படித்தான். கோடையில் டாஸ்மேனியாவின் தென்மேற்கு மூலையில் கூடு கட்டி, குளிர்காலத்துக்குக் கடல் கடந்து விக்டோரியா கரைக்கு வருகிறது. 2016இல் காட்டிலிருந்து கூடு கட்டத் திரும்பி வந்தவை இருபதைக்கூட எட்டவில்லை.

நெடுவழியின் அப்பாவுக்காக ஒன்று சொல்கிறேன். போகாங் அந்துப்பூச்சி என்று கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ. அதன் புழு குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிப் பயிர்களின் தண்டை வெட்டும் வெட்டுப்புழு, உழவருக்குத் தொல்லை. பூச்சியான பிறகு ஆயிரம் கிலோமீட்டர் வரை பறந்து ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைக்கு வந்து, பாறை இடுக்கில் கோடையைக் கழிக்கிறது. அந்த மலையில் 45 கிராம் எடையில் பிக்மி போசம் என்ற குட்டி விலங்கு இருக்கிறது. அழிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பியிருந்தபோது, 1966இல் மவுண்ட் ஹோத்தமில் ஒரு பனிச்சறுக்குக் குடிலில் உயிரோடு கிடைத்தது. பனித்தூக்கம் கலைந்து எழும்போது அது பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பூச்சியைத்தான். 2017க்குப் பிறகு வறட்சியில் பூச்சி வரத்து அடியோடு சரிந்தது. தாய்கள் பட்டினி, பையில் இருந்த குட்டிகள் செத்தன. ஹீல்ஸ்வில் ஆட்கள் பூச்சியின் சத்துக்கு இணையாக ஒரு பிஸ்கட்டே செய்தார்கள். 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு அது மலையில் போசங்களுக்குத் தீவனமாகப் போனது. வயலில் பகையாக இருக்கும் பூச்சி மலையில் இன்னொன்றின் உயிராக இருக்கிறது. உங்கள் அப்பா இதைக் கேட்டால் நிச்சயம் நின்றுவிடுவார்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணத்தவன், மெல்பர்னில் கனகாலம். தம்பி நெடுவழி, அந்த இடத்துக்குப் போகும்போது அது யாருடைய நிலம் என்றும் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. சரணாலயம் இருக்கும் மண் கொராண்டர்க் என்ற பழங்குடிக் குடியிருப்பின் பகுதி. வுருண்ட்ஜெரி மக்களும் சுற்றியிருந்த குலங்களும் 1863இல் அங்கே வந்து குடியேறி, காட்டை வெட்டிப் பண்ணை அமைத்தார்கள். பீர் தயாரிக்க உதவும் ஹொப்ஸ் பயிரிட்டு நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். நிலத்தைப் பறிக்க முயன்றபோது வில்லியம் பராக் என்ற தலைவரோடு சேர்ந்து மெல்பர்னுக்கு நடந்தே போய் மனுக் கொடுத்தார்கள். 1881இல் பாராளுமன்ற விசாரணையே நடந்தது. இருந்தும் 1924இல் குடியிருப்பை மூடிவிட்டார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1920இல், கொலின் மக்கென்சி என்ற மருத்துவர் அதே நிலத்தில் 78 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து விலங்கு ஆய்வு தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சரணாலயம். அது பொதுமக்களுக்குத் திறந்தது 1934இல்.

சொந்த ஊரை விட்டு வந்த எங்களுக்கு இந்தச் சரித்திரம் பெரிது. அங்கே போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு விலங்குகளைப் பார்ப்பதற்கு முன் பராக் ஞாபகம்தான் வரும்.

காந்தள்:
நன்றி அண்ணா. அந்த வரலாற்றோடு டேவிட் ஃப்ளே பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். 1933இல் ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் தைலசைனைப் படமெடுத்தவர் அவர். முதுகில் வரிகள் கொண்ட அந்தப் பைவிலங்கில் கூண்டில் இருந்த கடைசி உயிர் 1936 செப்டம்பர் 7ஆம் தேதி செத்தது. அதே ஃப்ளே பிறகு ஹீல்ஸ்வில்லின் பொறுப்புக்கு வந்து, 1943இல் ஜாக், ஜில் என்ற பிளாட்டிபஸ் இணையிடம் ஒரு குட்டி பெற வைத்தார். மனிதர் பராமரிப்பில் பிறந்து வளர்ந்த முதல் பிளாட்டிபஸ் அது. கொராண்டர்க் நினைவாக அதற்குக் கோரி என்று பெயர். அடுத்த முறை அங்கே குட்டி பிறக்க 1990களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கடினமான வேலை அது. ஓர் இனத்தின் கடைசி விலங்குகளில் ஒன்றை நேரில் பார்த்த மனிதர், இன்னொரு இனத்தின் குட்டிக்காக இரவும் பகலும் புழு தோண்டிக் கொடுத்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

செப்டம்பர் 7 இங்கே அழியும் உயிரினங்களுக்கான தேசிய நாள். உங்கள் பயணம் அந்த வாரத்தில் அமைந்தால் நல்லது.

தெற்குக்காற்று:
சிட்டு எழுதியதை நேற்றிரவு மனைவியோடு சேர்ந்து படித்தேன். லோன் பைன் நிறுத்தியது தெரியும். சட்டத்தில் இடம் இருக்கும்வரை, ஒழுங்காக நடத்தும் இடங்களுக்குப் போவதில் தவறில்லை என்பதுதான் இப்போதும் என் எண்ணம். ஆனால் குழந்தைக்குத் தூக்கத்தைச் சொல்லிப் புரிய வைக்கலாம் என்றீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நெடுவழி, முதலில் அதைச் செய்து பாருங்கள்.

குழந்தைக்கு ஏதாவது விலங்கைக் கிட்டத்தில் உணர வேண்டும் என்றால் மூன்லிட்டையும் யோசிக்கலாம். அங்கே கங்காருவுக்கும் அதைப் போலவே சின்னதாக இருக்கும் வாலபிக்கும் அவர்கள் விற்கும் தீவனத்தைக் கையில் வைத்து ஊட்டலாம் என்று மெல்பர்ன் நண்பர்கள் சொல்கிறார்கள்.

சிட்டு:
ஆமாம், மூன்லிட்டில் ஊட்டலாம். உங்கள் வீட்டுக்கும் அதுதான் பக்கம். மாலையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடத்தும் சுற்றும் உண்டு. இரவு விலங்குகளை அவற்றின் நேரத்திலேயே பார்க்கலாம். அவர்கள் தரும் தீவனத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். ரொட்டி, பிஸ்கட் தின்ற கங்காருவுக்குத் தாடை வீங்கிச் சீழ் வைக்கும் நோய் வரும். சாப்பிட முடியாமல் செத்துப்போகும்.

ஹீல்ஸ்வில்லில் நான் எல்லாரையும் அனுப்பும் இடம் மருத்துவமனை. சுவர் கண்ணாடி. உள்ளே மருத்துவர் வேலை செய்வதை வெளியிலிருந்து பார்க்கலாம். ஒரு தடவை மேசையில் ஒரு மோதிரவால் போசம் மயக்கத்தில் கிடந்தது. மூக்கில் சின்னக் குழாய், பின்காலைச் சுற்றி நைலான் இழை தோலுக்குள் புதைந்திருந்தது. மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தார். கடைசி இழை வந்ததும் விரல்களைத் தடவிப் பார்த்து, அவை வெதுவெதுப்பாக இருக்கின்றன என்று செவிலியரிடம் சொன்னார். வெளியே நின்ற பள்ளிக் குழந்தைகள் கை தட்டினார்கள்.

அந்த இழை ஒரு வீட்டுப் பழமரத்தின் வலை. நம்மவர்கள் வீட்டில் எலுமிச்சை, அத்தி, கொய்யா இல்லாத தோட்டம் குறைவு. வலையும் போடுகிறோம். 2021 செப்டம்பர் 1 முதல் விக்டோரியாவில் வீட்டுப் பழமரத்து வலையின் கண், இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் விரல் உள்ளே நுழைந்தால் அந்த வலையைத் தூக்கிப் போடுங்கள். பழந்தின்னி வௌவாலும் போசமும் பாம்பும் அதில் மாட்டிச் சாவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

மலைமுகடு:
எங்கள் வீட்டு அத்தி மரத்து வலை விரல் நுழையும் அளவுதான். இன்றைக்கே கழற்றிவிடுகிறேன். நன்றி சிட்டு.

டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணிப் பைவிலங்கு பற்றி யாரும் எழுதவில்லையே. 1996இல் முதலில் தென்பட்ட முகப் புற்றுநோய், ஒன்றையொன்று கடிக்கும்போது தொற்றிப் பரவுகிறது. அந்த நோய் எட்டாத கூட்டம் ஒன்று வேண்டும் என்பதற்காக ஆஸ்திரேலியா முழுக்கப் பூங்காக்களில் டெவில்களை வளர்க்கிறார்கள். கூண்டு பற்றி இவ்வளவு பேசும் நானே ஒத்துக்கொள்ளும் காரணம் இது. தீனி போடும் நேரத்தில் போனால் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்கும். தோல், ரோமம் எதையும் மிச்சம் வைக்காது.

நெடுவழி:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் கோவாலாவின் தூக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எழுப்பாமல் பார்க்கலாம்" என்றாள். ஹீல்ஸ்வில் என்று முடிவு செய்துவிட்டேன். நேரம் கிடைத்தால் இன்னொரு மாலையில் மூன்லிட். பனங்கூடல் அண்ணா சொன்ன கொராண்டர்க் வரலாற்றை அப்பாவுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன்.

கடைசியாக மூன்று சந்தேகங்கள். சக்கர நாற்காலி கிடைக்குமா? வெளியிலிருந்து சாப்பாடு கொண்டு போகலாமா? மாலையில் திரும்பும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காந்தள்:
சக்கர நாற்காலி வாசலிலேயே கேட்டு வாங்கலாம். போகும் முன் தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டால் நிச்சயம். கழுகு பறக்கும் காட்சியின் நேரத்தையும் வாசலிலேயே கேட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னால் போய் அம்மாவை முன் வரிசையில் உட்கார வையுங்கள். ஆப்புவால் கழுகின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்கும் மேல். தலைக்கு மேலே தாழப் பறக்கும்போது காற்று முகத்தில் படும்.

சாப்பாடு தாராளமாகக் கொண்டு போங்கள். புளிசாதம், தயிர்சாதம் எல்லாம் நாங்கள் அங்கே சாப்பிட்டிருக்கிறோம். புல்வெளியில் உட்கார்ந்தால் அரிவாள்மூக்கன்கள் கூட்டமாக வந்து சுற்றும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூகபரா என்ற பறவை கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். குழந்தைக்குத் தொப்பி போடுங்கள், செப்டம்பரில் மேக்பை கூடு கட்டும் காலம், மரத்துக்குக் கீழே நடந்தால் தலையைக் குறிவைத்து இறங்கும்.

வருட உறுப்பினர் அட்டை எடுத்தால் மெல்பர்ன், வெரிபி, கையாப்ரம் பூங்காக்களுக்கும் அதுவே போதும். குழந்தைகளுக்கான இலவச நாட்களை அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு:
திரும்பும் நேரம் பற்றி நான் சொல்கிறேன். இருட்டும் முன் கிளம்பிவிடுங்கள். அந்தி நேரத்தில்தான் கங்காருவும் வாம்பட்டும் சாலையைக் கடக்கின்றன. ஹீல்ஸ்வில் சுற்று வட்டாரத்தில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். ஒன்று கடந்தால் பின்னாலேயே இன்னொன்றும் வரும்.

அடிபட்டுக் கிடக்கும் கங்காருவைப் பார்த்தால் பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்துங்கள். பெண்ணாக இருந்தால் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம். பிறக்கும்போது ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும் அது, மாதக்கணக்கில் பைக்குள்ளேயே வளரும். மிகச் சின்னக் குட்டி காம்பைக் கவ்வி ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்து எடுத்தால் வாய் கிழிந்துவிடும். நீங்களாக எடுக்காமல் வைல்ட்லைஃப் விக்டோரியாவின் அவசர எண்ணுக்குச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரை அனுப்புவார்கள். அந்த எண்ணைக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள், மலைப்பாதையில் சில இடங்களில் சிக்னல் இருக்காது.